வளையாத கட்டையில் ப்ளூஸ்: பியானோ பழக ஒரு முழு வழிகாட்டி

கிட்டாரில் தந்தியைத் தள்ளினால் சுரம் வளையும். மவுத் ஆர்கனில் மூச்சை உறிஞ்சும் விதத்தில் வளையும். குரலுக்குக் கேட்கவே வேண்டாம். பியானோவில் மட்டும் கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் போய்த் தந்தியில் மோதும், அவ்வளவுதான். பிறந்த சுரத்தை அதற்குப் பிறகு யாராலும் அசைக்க முடியாது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் உயிரோ அசையும் சுரத்தில் இருக்கிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், ப்ளூஸ் பாடகர் பிடிக்கும் காந்தாரம் சாதாரணமும் இல்லை, அந்தரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஊசலாடுவது. அந்த நடு இடத்துக்குப் பியானோவில் கட்டையே கிடையாது. இருந்தும் ப்ளூஸ் வரலாற்றில் பியானோ ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. பெரிய பேண்டுகள் வருவதற்கு முன்பு எத்தனையோ இரவுகளில் அது ஒன்றுதான் மொத்தக் கச்சேரியும். எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் நாம் கற்க வேண்டிய வித்தை.

நானும் கீபோர்டு வகுப்பில் கற்ற கார்டுகளோடு, அதாவது சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டுகளோடு, இதற்குள் வந்தவன். ப்ளூஸ் ஸ்கேல் என்ற சுர வரிசையை மனப்பாடம் செய்து வலது கையால் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தேன். சுரம் சரி, கார்டு சரி, கேட்டால் மட்டும் ஹோட்டல் லிஃப்டில் ஓடும் இசை மாதிரி இருந்தது. தப்பு, நான் கற்ற வரிசையில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கீழே உள்ள வரிசை அந்தத் தப்பைத் திருத்தியது. சி, எஃப், ஜி கார்டுகள் ஓரளவு பிடிக்கத் தெரிந்திருந்தால் போதும். 61 கட்டை கீபோர்டிலேயே தொடங்கலாம்.

படி 1: அந்த அறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது பயிற்சியே இல்லையே என்று தாண்டிவிடாதீர்கள். இதற்குப் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி காடுகளில் மரம் வெட்டும் முகாம்களும், பைன் மரத்தைக் கீறி டர்பன்டைனுக்குப் பால் எடுக்கும் முகாம்களும் நிறைய இருந்தன. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சம்பள நாள் இரவில் குடிக்க, சூதாட, ஆட அங்கே ஒரு கொட்டகை இருக்கும். சாராயப் பீப்பாய்களை வைத்து அதற்கு 'பேரல்ஹவுஸ்' என்று பெயர். மூலையில் ஒரு நிமிர்ந்த பியானோ. சுருதி விலகி இருக்கும், சில கட்டைகள் ஒலிக்காது. வாசிப்பவர் ரயிலேறி முகாம் முகாமாகப் போகிறவர். ஹூஸ்டன் பக்கத்துப் பியானோக்காரர்களின் ஒரு கூட்டத்துக்கு 'சாண்டா ஃபே' என்ற ரயில் பாதையின் பெயரே ஒட்டிக்கொண்டது.

மைக் இல்லை, டிரம்ஸ் இல்லை. கூட்டம் ஆட வேண்டும். அப்படியானால் ஒரே ஆள்தான் தாளமும், பாஸ் என்ற கீழ்ச் சுர ஓட்டமும், மெட்டும். இடது கை டிரம்ஸாக மாறியது அதனால்தான். திரும்பத் திரும்ப ஒரே அச்சில், ஓங்கி, மூச்சு விடாமல் அடிக்கும் இடது கை. அழகுக்காக யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை, அறை கேட்டது.

நகரத்துக்கு வந்த பிறகும் இதே கதைதான். சிகாகோவின் தெற்குப் பகுதியில் வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள் சனிக்கிழமை இரவு வீட்டிலேயே விருந்து வைத்து, நுழைவுக் காசு வாங்குவார்கள். விடிய விடியப் பியானோ. மீட் லக்ஸ் லூயிஸும் ஆல்பர்ட் அம்மன்ஸும் பகலில் டாக்ஸி ஓட்டி, இரவில் இந்த வீடுகளில் வாசித்தவர்கள். அவர்கள் குடியிருந்த அதே கட்டடத்தில் ஒரு காலம் பைன்டாப் ஸ்மித்தும் இருந்தார். 1928 டிசம்பர் 29 அன்று அவர் பதிவு செய்த 'பைன் டாப்ஸ் பூகி வூகி'யைக் கேட்டால், பாடுவதற்குப் பதில் ஆடுகிறவர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வாசிப்பது தெரியும். எப்போது நிற்க வேண்டும், எப்போது குலுக்க வேண்டும் என்று சொல்கிறார். இந்த வாசிப்பு முறைக்குப் பூகி வூகி என்ற பெயர் பரவியதில் அந்த இசைத்தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றே மாதத்தில், 1929 மார்ச்சில், சிகாகோவின் ஒரு நடன அரங்கில் குண்டு பட்டு இறந்துபோனார். வயது 24.

பிறகு 1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அம்மன்ஸ், லூயிஸ், கன்சாஸ் சிட்டியின் பீட் ஜான்சன் மூவரும் மேடையேறினார்கள். அதன் பிறகு சில வருடங்களுக்கு அமெரிக்கா முழுக்கப் பூகி வூகிப் பைத்தியம் பிடித்தது. கொட்டகையும் வாடகை வீடும் போட்ட அச்சு அதே அச்சாகத்தான் அந்த மேடைக்கும் போனது.

படி 2: பன்னிரண்டு பார், கையில் அல்ல, காதில்

நான்கு எண்ணிக்கை கொண்டது ஒரு பார். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. சி சுருதியில் இப்படி:

சி7 | சி7 | சி7 | சி7
எஃப்7 | எஃப்7 | சி7 | சி7
ஜி7 | எஃப்7 | சி7 | ஜி7

எல்லாமே செவன்த் கார்டு, அதாவது நான்காவதாக ஒரு சுரம் கூடிய கார்டு, என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து சேர வேண்டிய சி-யிலும் பி ஃபிளாட் (பி-க்கு அரைச் சுரம் கீழே) சேர்ந்து கொஞ்சம் அமைதியின்மை மிச்சமிருக்கும். அதனால் சுற்று முடிந்தாலும் முடிந்த மாதிரி இருக்காது, அடுத்த சுற்றுக்குத் தள்ளும்.

இதை எண்ணிக்கொண்டே வாசித்தால் ஒருநாளும் வராது. பாட்டு வரிகளோடு சேர்த்துப் பிடியுங்கள். ப்ளூஸ் பாட்டில் முதல் வரியையே இரண்டாம் முறையும் பாடுவார்கள், மூன்றாவதாகப் பதில் வரி வரும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார். ஒரு வரியைப் பாட ஏறக்குறைய இரண்டு பார் ஆகும். மீதி இரண்டும் காலி. அந்தக் காலி இடம் யாருக்கு என்பதைப் படி 6-ல் பார்க்கலாம். இப்போதைக்கு, உங்களுக்குத் தெரிந்த எந்தச் சொற்களையாவது மூன்று வரியாக்கி முனகிக்கொண்டே கார்டு மாற்றுங்கள். கூச்சமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

எட்டுப் பாரில் முடியும் ப்ளூஸும் உண்டு. லீராய் காரின் 'ஹவ் லாங், ஹவ் லாங் ப்ளூஸ்' அந்த ரகம். முதலில் பன்னிரண்டு உடம்பில் ஏறட்டும்.

படி 3: தகிட

ஆங்கிலப் பாடப் புத்தகங்கள் ஷஃபிள் தாளத்தை விளக்க அரைப் பக்கம் எடுத்துக்கொள்ளும். நமக்கு ஒரு சொல் போதும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் 'தகிட' சொல்லுங்கள். 'த'-விலும் 'ட'-விலும் வாசியுங்கள், 'கி'-யை மனதுக்குள் விழுங்கிவிடுங்கள். த-(கி)-ட, த-(கி)-ட. நொண்டிக்கொண்டு ஓடுவது போன்ற அந்த நடைதான் ஷஃபிள்.

மெதுவான ப்ளூஸில் 'கி'-யும் வெளியே வரும். ஒரு பாருக்கு நான்கு தகிட, பன்னிரண்டு அடி. வலது கையால் ஒரே கார்டைப் பன்னிரண்டு தடவையும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், உடனே ஒரு பழைய தட்டின் வாசனை வரும்.

மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை 70-ல் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வேகமாக வாசித்தால் நொண்டல் தட்டையாகிவிடும். தட்டையாவது வாசிக்கிறவர் காதுக்கு எட்டாது. போனில் பதிவு செய்து கேட்டால் மானம் போகும், ஆனால் தெரிந்துவிடும்.

படி 4: இடது கையை மட்டும் இரண்டு வாரம்

இங்கேதான் பொறுமை தேவை. வலது கையை மடியில் வைத்துவிடுங்கள்.

முதல் அச்சு: சுண்டுவிரல் சி-யில், ஆள்காட்டி விரல் ஜி-யில், கட்டைவிரல் ஏ-யில். சி-யும் ஜி-யும் சேர்த்து 'த ட', பிறகு சி-யும் ஏ-யும் சேர்த்து 'த ட'. மாற்றி மாற்றி, அவ்வளவுதான். கார்டு எஃப்-க்குப் போகும்போது எஃப்-சி, எஃப்-டி. ஜி-க்கு ஜி-டி, ஜி-இ. கிட்டார்காரர்கள் ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் அடிக்கும் அதே அச்சுதான் இது. அவர்களுக்கு அது பூகிப் பியானோவின் இடது கையிலிருந்து போனது.

பன்னிரண்டு பார் நிற்காமல் பத்துச் சுற்று வாசியுங்கள். மூன்றாவது சுற்றில் முன்கை இறுகும். இறுகினால் நீங்கள் விரலால் அடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கையின் எடையை விழவிட்டு எடுக்க வேண்டும். வலித்தால் நிறுத்திவிடுங்கள், வீரம் காட்ட இது இடமில்லை.

இரண்டாவது அச்சு, நடக்கும் பாஸ்: சி, இ, ஜி, ஏ, பி ஃபிளாட், ஏ, ஜி, இ. எண்ணிக்கைக்கு ஒரு சுரம், ஆக இரண்டு பார். ஒவ்வொரு சுரத்தையும் முதலில் கீழ் ஸ்தாயியில், உடனே மேல் ஸ்தாயியில் என்று உடைத்து வாசித்தால் ஒரு பாருக்கு எட்டு அடி கிடைக்கும். பூகி என்றதும் எல்லோர் காதிலும் ஓடுவது இதுதான். ஒன்பதாவது, பத்தாவது பாரில் கார்டு ஒரு பாருக்குத்தான் நிற்கும் என்பதால் அங்கே முதல் நான்கு சுரத்தோடு திரும்பிவிடுங்கள்: ஜி, பி, டி, இ, பிறகு எஃப், ஏ, சி, டி. புதிதாகப் பழகுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இந்த இரண்டோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஜிம்மி யான்சியின் இடது கையில் ஹபனேரா என்ற கியூபா நடனத் தாளத்தை நினைவூட்டும் ஒரு இடைவெளி இருக்கும், அவசரமே இல்லாமல் நடக்கும். கால் நூற்றாண்டு காலம் சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் புல்தரை பராமரித்தவர் அவர். பியானோ பெரும்பாலும் வீட்டிலும் விருந்திலும்தான். எந்த சுருதியில் தொடங்கினாலும் இ ஃபிளாட்டில் கொண்டுபோய் முடிப்பது அவர் பழக்கம். ஏன் என்று கேட்காமல் ரசிக்க வேண்டிய விஷயம். நியூ ஆர்லியன்ஸின் ப்ரொஃபசர் லாங்ஹேர் இடது கையில் ரும்பாவையே கலந்தார். இவையெல்லாம் முதல் அச்சு தூக்கத்திலும் வரும் நிலைக்குப் பிறகு.

படி 5: வளையாததை வளைப்பது

இப்போது வலது கை. சி-யில் இருக்கிறோம். ஆள்காட்டி விரலை இ ஃபிளாட் என்ற கறுப்புக் கட்டையில் வையுங்கள், சுண்டுவிரலை ஜி-யில். கறுப்புக் கட்டையை அழுத்திய மறுகணமே அதே விரலை வழுக்கவிட்டு, பக்கத்து வெள்ளைக் கட்டையான இ-யில் விழ விடுங்கள். இ விழும்போது ஜி-யும் சேர்ந்து விழட்டும். இரண்டு காந்தாரமும் ஒரு நொடி உரசிக்கொள்ளும். காது அந்த உரசலை நடுவில் இருக்கும் சுரமாகக் கேட்டு ஏமாந்துபோகும். ப்ளூஸ் பியானோவின் மிகப் பெரிய தந்திரம் இது.

வழுக்கல் முடிந்து இ விழுவது சரியாக எண்ணிக்கையின் மேல் இருக்க வேண்டும். இ ஃபிளாட் அதற்கு மயிரிழை முன்னால். இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும்படி வாசித்தால் அது வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

எஃப்7 வரும்போது ஏ ஃபிளாட்டிலிருந்து ஏ, மேலே சி. ஜி7-க்கு பி ஃபிளாட்டிலிருந்து பி, மேலே டி. மூன்றிலுமே கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இறங்குகிறோம் என்பதைப் பார்த்தீர்களா? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விரல் தானாக வழுக்கும். கிட்டார்காரருக்குப் பிடித்த இ சுருதியில் இது நடக்காது. அங்கே ஜி-யிலிருந்து ஜி ஷார்ப்புக்கு, அதாவது பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற வேண்டும். ஒரே விரல் வழுக்காது, இரண்டு விரல் வேண்டும். ஏ-யிலும் இதே சிக்கல். பேண்டில் பாட்டுக்கு சுருதி முடிவு செய்யும்போது பியானோக்காரரும் கிட்டார்காரரும் முறைத்துக்கொள்வதற்கு இது நியாயமான காரணம். எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு வழுக்குவதும் சி ப்ளூஸில் அடிக்கடி உதவும்.

ப்ளூஸ் ஸ்கேல் இதற்கு அப்புறம்தான்: சி, இ ஃபிளாட், எஃப், எஃப் ஷார்ப், ஜி, பி ஃபிளாட். ஆறு சுரத்தையும் ஏணி ஏறுவது போல ஓட்டாதீர்கள். மூன்று சுரத்தை எடுத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள், நிறுத்துங்கள். மறுபடி அதே வாக்கியத்தைச் சற்று மாற்றிச் சொல்லுங்கள்.

கார்டு பிடிக்க ஒரு குறுக்கு வழி. சி7-க்கு வலது கையில் இ, பி ஃபிளாட் இரண்டு மட்டும் போதும். எஃப்7 வந்தால் இரண்டையும் அரைச் சுரம் கீழே இறக்குங்கள்: இ ஃபிளாட், ஏ. ஜி7 வந்தால் பழைய இடத்திலிருந்து அரைச் சுரம் மேலே: எஃப், பி. மொத்தப் பன்னிரண்டு பாரும் இரண்டு விரலில் முடிந்தது. முதன்முதலில் இதைப் பார்த்தபோது, நாலு விரல் கார்டுகளோடு மல்லுக்கட்டிய மாதங்களை நினைத்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

படி 6: பதில் சொல்லுங்கள், குறுக்கே பேசாதீர்கள்

படி 2-ல் காலி என்று சொன்ன இரண்டு பார் உங்களுடையது. பாடகர் ஒரு வரி சொல்கிறார், பியானோ பதில் சொல்கிறது. பாடும்போது இடது கை மட்டும் நடக்கட்டும், வலது கை அந்த இரண்டு விரல் கார்டை லேசாகத் தொட்டால் போதும். பாட்டு நின்றதும் வழுக்கல், சிறு வாக்கியம், மறுபடி அமைதி.

இதைக் கற்க நல்ல இடம் லீராய் கார். இண்டியானாபோலிஸ்காரர். கிட்டாரில் ஸ்க்ராப்பர் பிளாக்வெல். 1928-ல் இருவரும் பதிவு செய்த 'ஹவ் லாங்' தட்டு அந்தக் காலத்தில் பெரிய வெற்றி. கொட்டகைப் பியானோவுக்கு நேர் எதிர் இது. மைக் வைத்துப் பதிவு செய்யும் காலம் வந்துவிட்டது, கத்த வேண்டியதில்லை. கார் கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் பாடுகிறார், பியானோ தரை போல அசையாமல் கிடக்கிறது, மேலே கிட்டார் கூர்மையாகக் கிள்ளுகிறது. தானே பாடகர் என்பதால் எங்கே கையை அடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1935-ல், முப்பதை ஒட்டிய வயதில், குடியால் உடம்பு கெட்டு இறந்துபோனார்.

படி 7: ட்ரெமலோ

பியானோ சுரம் பிறந்தவுடனேயே தேயத் தொடங்கும். அதை நீட்டிப் பிடிக்க, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி உதறுவார்கள். பூட்டில் சாவியைத் திருப்புவது போல முன்கை சுழல வேண்டும். விரலால் செய்தால் பத்து நொடியில் களைத்துவிடும். மேல் ஸ்தாயியில் ஜி-யும் அதற்கு மேலே உள்ள இ-யும் வைத்துத் தொடங்குங்கள். சின்ன ஓசையில் ஆரம்பித்துப் பெருக்குங்கள். அழுகை போல வரும்.

படி 8: திருப்பம்

கடைசி இரண்டு பாரில் சுற்றை மறுபடி தொடக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். எளிய வழி: பதினோராவது பாரில் சுண்டுவிரல் மேல் சி-யை விடாமல் தட்ட, அதற்குக் கீழே எண்ணிக்கைக்கு ஒன்றாக பி ஃபிளாட், ஏ, ஏ ஃபிளாட், ஜி என்று இறங்குங்கள். பன்னிரண்டாவது பாரில் ஜி7. பாட்டை முடிக்க வேண்டுமானால் ஜி7-ஐத் தொட்டுவிட்டு சி7-ல் நில்லுங்கள்.

படி 9: பேண்டில் உட்காரும்போது

1940-களின் கடைசியில் சிகாகோவில் கிட்டாருக்கும் மவுத் ஆர்கனுக்கும் ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டது. கிளப்பில் கிடந்த பழைய பியானோவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு காலத்தில் மொத்தக் கச்சேரியாக இருந்த வாத்தியம் மூன்றாம் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது இப்படித்தான். வாசித்தவர்களும் அதற்கேற்ப மாறினார்கள்.

இந்த மாற்றத்தின் நடுவில் நிற்கிறவர் பிக் மேசியோ என்ற பியானோக்காரர். 1945-ன் 'சிகாகோ பிரேக்டவுன்' கேளுங்கள், இடது கை இடி மாதிரி இறங்கும். மறு வருடமே பக்கவாதம் வந்து வலது கை முடங்கியது. அவரைப் பார்த்து வளர்ந்த ஓடிஸ் ஸ்பான் 1950-களின் தொடக்கத்தில் சிகாகோ ப்ளூஸ் பாடகரும் கிட்டார்காரருமான மடி வாட்டர்ஸின் பேண்டில் சேர்ந்தார். அங்கே பாஸும் டிரம்ஸும் இருந்தன. அதனால் ஸ்பான் இடது கையை அடக்கி, வலது கையை மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோனார். கிட்டாரும் மவுத் ஆர்கனும் நெரிசலாக இருக்கும் நடுப்பகுதிக்கு மேலே மணி உதிர்வது போன்ற வாசிப்பு. நீங்களும் அதைச் செய்யுங்கள். பாஸ் கிட்டார் வாசிக்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது நடக்கும் பாஸை நீங்களும் வாசித்தால் இரண்டும் சேர்ந்து சகதியாகும். இரண்டு வாரம் கஷ்டப்பட்ட இடது கையை மடியில் வைப்பது வயிற்றெரிச்சல்தான். ஆனால் அது கற்றுத்தந்த நடை வலது கையில் வந்து நிற்கும்.

படி 10: காதுக்குப் பாடத்திட்டம்

ஒரு வாரத்துக்கு ஒருவர் போதும். லீராய் காரில் தொடங்கி, பைன்டாப் ஸ்மித், யான்சி, பிறகு மீட் லக்ஸ் லூயிஸின் 'ஹாங்கி டாங்க் ட்ரெயின் ப்ளூஸ்'. 1927-ல் முதலில் பதிவானது. இடது கை ரயில் சக்கரமாகவே ஓடும், வலது கை அதோடு ஒட்டாமல் தன் பாட்டுக்கு ஊதும். வாசிக்க முயலாதீர்கள், கேட்க மட்டும். அதன் பிறகு மேசியோ, கடைசியாக 1960-ல் ஸ்பான் தன் பெயரிலேயே போட்ட 'ஓடிஸ் ஸ்பான் இஸ் த ப்ளூஸ்'. கூட ஒரே ஒரு கிட்டார்தான் என்பதால் அடக்கி வைத்த இடது கை அதில் முழுசாகக் கேட்கும்.

தாமதமாகத் தொடங்கிவிட்டோமோ என்று யோசிப்பவர்கள் பைன்டாப் பெர்கின்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், ஒரு சண்டையில் கத்திக்குத்துப் பட்டு இடது கைத் தசைநாண்கள் அறுந்ததால் கிட்டாரை விட்டுப் பியானோவோடு நின்றுவிட்டார். 1969-ல் ஸ்பானுக்குப் பதிலாக மடி வாட்டர்ஸ் பேண்டில் உட்காரும்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 2011-ல் 97 வயதில் கிராமி வாங்கினார். அவர் வாசிப்பைப் பாதி வேகத்தில் ஓட்டி, வழுக்கல் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். கறுப்புக் கட்டை எப்போது விழுகிறது, வெள்ளை எப்போது விழுகிறது என்று காது பிரித்துச் சொல்லும் நாளில் மறுபடி படி 5-க்குப் போங்கள்.